நந்தியாவட்டைக்கு நிறம் கொடுத்தவர்

ஒரு ஊரில் எபநேசர் என்றொரு ஓவியர் இருந்தார். அவருடைய வண்ணப் பெட்டியில் ஒரு வெள்ளை டியூப் கிடந்தது. வாங்கி வந்த நாளிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. உள்ளே பாதி இறுகிப்போயிருந்தது. வாய் மட்டும் இறுகவில்லை.

ஒருநாள் எபநேசர் பித்தளைச் செம்பில் நந்தியாவட்டைப் பூக்களைச் செருகி மேசைமேல் வைத்தார். பார்த்ததும் வெள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"வந்துட்டுதய்யா என் நாள்! ஏ கறுப்பு, தள்ளிப் படு. உன் நிழல் பட்டாலே நான் அழுக்காயிருவேன்."

கறுப்பு தள்ளிப் படுத்தது.

"காவி, நீ செம்புக்குப் போ. பச்சை, நீ இலைக்கு. பூவுக்குப் பக்கத்துல ஒருத்தரும் வரப்படாது."

"அண்ணாச்சி, முதல்ல உங்க மூடி திறக்குதான்னு பாருங்க," என்றது நீலம்.

வெள்ளைக்குத் திக்கென்றது. இந்தப் படத்திலும் திறக்காவிட்டால் கல்லாகிப்போகும், அப்புறம் குப்பைக்கூடைதான். அது வெள்ளைக்கே தெரியும். இருந்தாலும், "என் நிறத்துக்கு எல்லாம் தானா திறக்கும்," என்றது.

எபநேசரின் கை வந்தது. வெள்ளை மூச்சை அடக்கிக்கொண்டது. கை அதைத் தாண்டிப் போய்க் கறுப்பை எடுத்தது. நீலத்தோடு குழைத்துத் தாளில் இருட்டு இருட்டாகப் பூசியது. பிறகு காவி. பிறகு பச்சை.

"அஸ்திவாரம் போடுறார். மாளிகை நான்தான்," என்றது வெள்ளை, யாரும் கேட்காமலே.

படம் முடிந்தது. அவர் மனைவி ரெஜினா வந்து பார்த்தாள்.

"ஏங்க, தொட்டா பால் ஒட்டும் போலிருக்கே! இப்படி ஒரு வெள்ளை எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதாவது! பூ இருக்கிற இடத்துல ஒண்ணுமே பூசலை. வெறுந்தாள்தான். சுத்திலும் கறுப்பு நின்னுக்கிட்டா பூ தானா தெரியும்."

பெட்டிக்குள் ஒரே சிரிப்பு. "அண்ணாச்சி, மாளிகையில கிரகப்பிரவேசம் எப்போ?" என்றது காவி.

படத்தை மாட்ட எபநேசர் ஆணி அடித்தார். சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. ரெஜினா பெட்டியைத் துழாவி வெள்ளையை எடுத்தாள். மூடி அசையவில்லை. வாலைக் கத்தரித்து, இருந்ததைப் பிதுக்கி, பெயர்ந்த இடத்தில் அப்பினாள். அதன்மேல் படம் வந்து உட்கார்ந்தது.

"இந்தப் படத்தையே நான்தான் தாங்குறேன்," என்று வெள்ளை பின்னாலிருந்து இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு ஒரு பல்லி உண்டு. அதுவும் பூச்சியைக் கண்டால் போய்விடுகிறது.