முப்பத்திரண்டாவது பட்டம்

"அந்தப் பட்டத்தை அவகிட்டேருந்து பிடுங்கி எனக்குப் போடும்வே" என்று சொல்லி, ராஜா கடிதத்தை இங்கிலீஷ் துபாஷி ஞானாதிக்கத்தின் மடியில் எறிந்தார்.

கடிதம் கலெக்டர் துரையின் மனைவி எழுதியது. போன வாரம் நெடுங்குளம் அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போனவள். தர்பாரைப் பற்றி ஒரு வரி, யானையைப் பற்றி ஒரு வரி. குழந்தை இளவரசியைப் பார்த்துக்கொள்ளும் தாதி பேச்சித்தாயைப் பற்றி மட்டும் நான்கு வரி. அவள் 'ஸூதிங்' ஆனவளாம். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு ஞானாதிக்கம்தான் அர்த்தம் சொன்னார்: காய்ச்சல்காரன் நெற்றியில் போடுகிற ஈரத்துணியைப் போன்றவள், பக்கத்தில் இருந்தாலே மனசு ஆறிப்போகும் என்று. வினை அங்கேதான் வந்தது. ராஜா குமாரமுத்து பூபதிக்கு முப்பத்தொரு பட்டங்கள். ஒன்றுகூட இங்கிலீஷில் இல்லை. ஒரு தாதிக்கு இருக்கிறது.

பட்டங்களை இயற்றுகிறவர் சிங்காரக் கவிராயர். ராஜா எந்த வாசற்படியைத் தாண்டினாலும் முதலில் எக்காளம் ஊதும். பிறகு கவிராயர் வெள்ளித் தடியைத் தரையில் குத்தி முப்பத்தொன்றையும் முழங்குவார். சாப்பிடப் போனாலும் அப்படித்தான், குளிக்கப் போனாலும் அப்படித்தான். கவிராயர் உட்கார்ந்த இடத்திலேயே புதியதைக் கோத்துவிட்டார்: "பகைவர் குலைநடுங்கப் பாய்ந்து வரும் ஸூதிங் சிங்கம்." சபை தலையாட்டியது. ராஜா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

ஞானாதிக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். இது கலெக்டர் கச்சேரிக்குப் போனால் மூன்று ஜில்லா சிரிக்கும். எதற்குச் சிரித்தார்கள் என்பது ஒருநாள் ராஜாவின் காதுக்கு வரும். அன்றைக்கு உத்தியோகம் போகும். பொருந்தாது என்று இப்போது சொன்னால் இன்றைக்கே போகும். அந்த இடத்துக்குக் கவிராயர் தன் மருமகனைத் தயாராக வைத்திருப்பது ஊருக்கே தெரியும்.

"என்னவே யோசிக்கீரு?"

"தாதியைவிட மகாராஜாவுக்குத் தகுதி குறைச்சல்னு துபாஷி நினைக்காரு போல" என்றார் கவிராயர், மீசையைத் தடவிக்கொண்டு.

ஞானாதிக்கம் எழுந்து கும்பிட்டார். மகாராஜாவுக்கு இல்லாத தகுதியா என்றார். ஆனால் இங்கிலீஷ்காரன் எதற்கும் சாட்சி கேட்பான். பேச்சித்தாய்க்குச் சாட்சி மூன்று மாதக் குழந்தை. அவள் மடியில் அது அழாமல் கிடந்ததைத் துரைசாணியே கண்ணால் பார்த்திருக்கிறாள். அதே சாட்சி மகாராஜாவுக்கும் கிடைத்துவிட்டால் அந்த நிமிஷமே கடிதம் எழுதிவிடலாம்.

"கிடைக்கலைன்னா?"

"பெத்த மக சொல்ல மாட்டாளா மகாராஜா?"

மூன்று மாதத்தில் அந்தக் குழந்தையை ராஜா ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. வாசலில் அவர் வந்து நின்றதுமே வீறிடும். அரண்மனை முழுக்கத் தெரிந்த விஷயம். யாரும் அதைப் பேசுவதில்லை.

"சொல்லலைன்னா, நாளைக் காலையில உம்ம கச்சேரி அறைச் சாவியைக் கவிராயர்கிட்ட கொடுத்துட்டு ஊரைப் பார்க்கப் போயிரும்" என்று ராஜா எழுந்தார்.

குழந்தையின் அறை வாசலில் எக்காளம் ஊதியது. கவிராயர் தடியைக் குத்தினார். ஏழாவது பட்டத்துக்கு வருவதற்குள் குழந்தை விழித்துக்கொண்டது. எட்டாவது யாருக்கும் கேட்கவில்லை.

ஆனந்தத்தில் அழுகிறாள் என்றார் கவிராயர்.

"அப்ப அதையே எழுதிரட்டுமா?" ஞானாதிக்கம் பேனாவை எடுத்தார். "மகாராஜாவைப் பார்த்ததும் இளவரசி ஆனந்தத்துல நீலம்பாரிச்சுப் போனாங்கன்னு?"

ராஜா எக்காளத்தை வெளியே போகச் சொன்னார்.

அடுத்த தடவை பட்டங்கள் மட்டும். அழுகை. பட்டங்களும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டன. வாள் உறை கட்டில் காலில் இடித்தது. மறுபடி அழுகை. வாள் போயிற்று. தலைப்பாகையின் வைரம் குழந்தையின் கண்ணில் பளிச்சென்று அடித்தது. அதையும் கழற்றித் தட்டில் வைத்தார். இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் ராஜா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கவிராயர் வாசலிலிருந்து முணுமுணுத்தார். ராஜாவின் காதில் அது விழத்தான் செய்தது. சரிகை அங்கி பிள்ளையின் கன்னத்தைக் கீறும் என்று பேச்சித்தாய் சொன்னாள். பொத்தான்களை அவரே அவிழ்த்தார்.

கடைசியில் ஒற்றை வேட்டியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேச்சித்தாய் குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

"தலைக்குக் கீழ கையைக் கொடுங்க மகாராஜா. இறுக்காதீங்க. மூச்சு விடுங்க."

ராஜா மூச்சு விட்டார்.

குழந்தை முனகியது. அது முகத்தைச் சுளித்தது, கொட்டாவி விட்டது, ராஜாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

பிறகு ராஜா உதடு பிரியாமல் கேட்டார்.

"பட்டம் வந்துட்டா?"

"வந்துட்டு மகாராஜா."

கவிராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு ஆகிவிட்டதே, முறைப்படி முழங்க வேண்டாமா என்று கிசுகிசுத்தபடி தடியைத் தூக்கினார்.

"தாராளமா முழங்கும்" என்றார் ஞானாதிக்கம். "நீர் வாயைத் திறந்த உடனே மறுபடியும் முப்பத்தொண்ணு."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தமாகச் சிரிக்க வழியில்லை. தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. அந்தக் குலுக்கலில் குழந்தை தொட்டிலில் கிடப்பதுபோல ஆடியது; விழிக்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும், வைரம் கிடந்த தட்டைக் கண்ணாலேயே காட்டி, உமக்குத்தான், எடுத்துக்கொள்ளும் என்று ஞானாதிக்கத்திடம் சொன்னார். தட்டு சத்தம் போடும், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று ஞானாதிக்கம் கையைக் காட்டினார்.

சாயங்கால வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து குழந்தையின் முகத்தைத் தொட்டிருந்தது. கவிராயர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். இரண்டடி நகர்ந்து, தன் நிழல் குழந்தையின் கண்மேல் விழும்படி நின்றுகொண்டார்.