இன்னும் தாங்கும் குழாய்

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்துக்குத் தலைநகரம் ஜாக்சன். அங்கே ஒரு தெருவுக்கு அடியில் வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. நூறு தாண்டியதும் வயதை எண்ணுவதை அது விட்டுவிட்டது. உடம்பெல்லாம் துரு. துருவுக்கு மேல் ஒட்டு, அந்த ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு.

"என்னால முடியல," என்றது குழாய், மேலே காலிமனையில் தனியாக நின்ற செங்கல் புகைபோக்கியிடம்.

அந்தப் புகைபோக்கி உள்நாட்டுப் போரைக் கண்ணால் கண்டது. அடிமைகளை விடமாட்டோம் என்று தெற்கு மாநிலங்கள் சண்டைக்குப் போக, வடக்குப் படை வந்து ஜாக்சனைக் கொளுத்திவிட்டுப் போனது. மர வீடுகள் சாம்பலாயின. புகைபோக்கிகள் மட்டும் மொட்டையாக நின்றன. ஊருக்கே புகைபோக்கிப் பட்டணம் என்று பட்டப்பெயர் வந்தது அப்போதுதான்.

"எங்களையும் வந்து வந்து பாத்தாங்க," என்றது புகைபோக்கி. "நெருப்புக்கே அசையல பாருன்னு வாயப் பொளந்தாங்க. ஆனா எனக்குப் பக்கத்துல ஒரு சுவரு எழுப்ப ஒருத்தரும் வரல. நீயாவது வாய்விட்டுச் சொல்லு. மேல இருக்கிறவங்க காதுல நான் போட்டு வைக்கிறேன்."

மேலே இருந்தது ஒரு செம்புக் கழுகு. சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்து உச்சியில், பொன்முலாம் பூசிக்கொண்டு, சிறகை விரித்தபடி நின்றது. புகைபோக்கி தொண்டை கிழியக் கத்தி விஷயத்தைச் சொன்னது.

"நான் தெற்கு நோக்கி நிற்கிறேன். உங்கள் தெரு எனக்குப் பின்பக்கம்," என்றது கழுகு.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்."

"திரும்பும்படி என்னைச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைப் பற்றி நல்லபடியாகவே கேள்விப்படுகிறேன். எத்தனை வெள்ளத்தைத் தாங்கியது! பள்ளிக்கூடங்களைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டபோது, வெள்ளைக்காரக் குடும்பங்கள் லாரி லாரியாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிபோயினவே, அதையும் தாங்கியது. இன்னும் தாங்கும்."

இதைக் கேட்ட குழாய்க்குச் சிரிப்புகூட வரவில்லை.

"போனவங்க சும்மா போகலியே," என்றது. "அவங்க கட்டுன வரியையும், என்னைப் பாத்துக்கிட்ட கையையும்ல சேத்துக் கொண்டுபோயிட்டாங்க."

வெயில் வந்திருந்தது. கழுகுக்கு மின்னுகிற வேலை இருந்தது.

அந்தத் தெருவில் ஒடெஸா ராலின்ஸ் என்றொரு கறுப்பினப் பெண்மணி குடியிருந்தார். அந்த வாரம்தான் அவருடைய தம்பி வில்லார்ட் இறந்துபோயிருந்தார். சனிக்கிழமை அடக்கம். அடக்கம் முடிந்து வருகிற எல்லோருக்கும் சர்ச்சில் சாப்பாடு போட்டு அனுப்புவது அங்கே வழக்கம். சாப்பிடாமல் யாராவது போனால் இறந்தவருக்கே மரியாதைக் குறைவு. ஒடெஸா கூடை கூடையாகக் கீரை வாங்கி வைத்திருந்தார். மண் போக அலசி எடுக்கவே தண்ணீர் ஏகமாக வேண்டும்.

"ஆண்டவரே, சனிக்கிழம மத்தியானம் வரைக்கும் தண்ணி நிக்காம இருக்கணும்," என்று அடுக்களையில் நின்று வேண்டிக்கொண்டார். "என் தம்பி ஒருத்தரையும் பசியோட அனுப்பினவன் இல்ல."

குழாய் அதைக் கேட்டது. சரி, சனிக்கிழமை வரைக்கும் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம் என்று முடிவுசெய்தது.

வெள்ளிக்கிழமை திடீரென்று உறைபனி விழுந்தது. குளிருக்கென்று கட்டிய ஊரல்ல அது. பனி விழுந்தால் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும் என்று, எல்லா வீட்டிலும் குழாய்த் திருகைக் கொஞ்சம் திறந்து நூலாக ஒழுக விடுவார்கள். ஒடெஸாவும் திறந்து வைத்தார். "விறைச்சுப் போயிடாதப்பா," என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

வீட்டுக்கு வீடு ஒரு நூல். மண்ணுக்கு அடியில் அது ஆறாக ஓடியது. குழாய்க்கு மூச்சு வாங்கியது. ஆனால் அந்த ஊரில் குழாயை நினைத்துப் பார்த்தவர்கள் இந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம் போய் எப்படிக் கோபித்துக்கொள்வது?

சனிக்கிழமை காலை, பாதிக் கீரை அலசியபோது குழாய் வெடித்தது. அடுக்களையில் திருகு இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. சர்ச்சிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. அன்றைக்கு வில்லார்டை வழியனுப்ப வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், பிறகு வெறும் வயிற்றோடு கார் ஏறினார்கள். ஒடெஸாவால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஓர் அதிகாரி தண்ணீர் பாட்டில்களோடு வந்தார்.

"நீங்க எல்லாருமா திறந்து விட்டதுலதான் மேடம் இப்படி ஆயிடுச்சு," என்றார். ஒடெஸாவின் கறுப்பு உடையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா இந்த ஊர் ஜனங்களுக்கு இருக்கிற மன உறுதி வேற யாருக்கும் வராது. எதையும் தாங்குவீங்க."

"என் தம்பியப் பொதைச்சிட்டு வந்தவங்க பட்டினியாப் போயிட்டாங்க சார்," என்றார் ஒடெஸா. "தாங்குவீங்க, தாங்குவீங்கன்னு சொல்லியே எங்க தலையில ஏத்தறீங்க. என்னால தாங்க முடியல. உறுதி எல்லாம் நீங்களே வெச்சிக்குங்க. எனக்குத் தண்ணி வேணும்."

அதிகாரி பாட்டில்களை வாசலில் அடுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தெருவைத் தோண்டினார்கள். வெடித்த இடத்தைச் சுற்றி இரும்புக் கிளாம்ப் போட்டு முடுக்கினார்கள். வேலையாட்களில் ஒருவர் குழாயைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

"பழைய இரும்புன்னா சும்மாவா! இன்னும் அம்பது வருஷம் தாங்கும்."

அதைக் கேட்டதும் குழாய் அழுதுவிட்டது.

"இன்னும் கசியுதே," என்று சொல்லி, கிளாம்பை மேலும் ஒரு சுற்று இறுக்கினார்கள்.