எருமை ஏன் வழிவிடுவதில்லை

மிருகங்களுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு காட்டில் குதிரைதான் பெரிய அதிகாரி. தினமும் உச்சிவேளையில் அவர் ஏரிக்கரை மேல் நடந்து தண்ணீர் குடிக்கப் போவார். முன்னால் நரி கூவிக்கொண்டு ஓடும். கரையில் இருப்பவர்கள் எல்லோரும் சரிவில் இறங்கித் தலைகுனிந்து நிற்க வேண்டும். குளம்புச் சத்தம் ஓயும்வரை ஒரு சத்தம் வரக் கூடாது. கரைக்கு ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் கருவேல முள்.

காரி என்ற எருமையும் இறங்கி நின்றவள்தான். போன கோடையில் அப்படி நின்றபோது அவளுடைய தலைச்சன் கன்று சேற்றில் அமிழ்ந்தது. குரல் கொடுத்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். குதிரை கடந்து போகும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

இந்தக் கோடையில் இன்னொரு கன்று. காலையில்தான் பிறந்தது; கால்கள் இன்னும் நடுங்கின. காரி அதைக் கரைமேல் மெல்ல நடத்தி வந்தபோது நரியின் குரல் கேட்டது.

“ஒதுங்கு! ஒதுங்கு! ஐயா வர்றாரு!”

முயலும் மயிலும் சேற்றில் இறங்கின. ஆடு முள்ளுக்குள் போனது. காரி கன்றை அணைத்துக்கொண்டு பாதையிலேயே படுத்துவிட்டாள்.

“ஏ எருமை! காது அடைச்சிருக்கா?” என்றது நரி.

“நல்லாவே கேக்குது. தெனமும் இதையேதானே கத்துற, உனக்கே சலிக்கலையாடா?”

“கொஞ்சம் எறங்கிட்டாத்தான் என்னக்கா?” என்று ஆடு கெஞ்சியது. “உன்னால எங்களுக்கும் வம்பு.”

“ஏன்டி, உன் காதுல ரத்தம் வடியுது. மொதல்ல அதைப் பாரு.”

குதிரை வந்து நின்றார். முன்னங்காலை ஓங்கினார். காரி அசைபோட்டாள். ஓங்கிய காலை எவ்வளவு நேரம்தான் தூக்கி வைத்திருப்பது? இறக்கிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

“சரி, நாளையிலேருந்து நீ என் பின்னாடியே நடந்து வா. உனக்கும் சேர்த்து எல்லாரும் ஒதுங்குவாங்க.”

“அட போங்கய்யா! நான் நின்ன சேத்துல இன்னொருத்தி நிக்கணுமாக்கும்? இதோ எடம் இருக்கு. என்னை உரசிக்கிட்டுப் போனா நீங்களும் போகலாம், நானும் இருக்கலாம்.”

எருமையை உரசுவதாவது! அதற்கு முள்ளே மேல் என்று குதிரை சரிவில் இறங்கினார். அங்கே நின்ற ஆடு, அவருக்கு வழிவிட்டு, இன்னும் அடர்ந்த முள்ளுக்குள் நகர்ந்தது. காரி பெருமூச்சு விட்டாள்.

அன்று முதல்தான், கொடி கட்டிய காரே வந்து ஹார்ன் அடித்தாலும் எருமை பாதையை விட்டு எழுவதில்லை. அதற்குச் சொரணை இல்லை என்று, ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு நாம் சொல்கிறோம்.