கையிருப்பு ஐந்து

திருச்சியில் பழைய காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். அன்று முகூர்த்தம் விழுந்துவிட்டால் கூட்டம் அடுத்த ஞாயிறுக்குப் போகும். காசுக்காரர்களுக்காகக் கல்யாணம் நிற்காது.

அந்தச் சங்கத்தில் மெஹருன்னிசா என்று ஒருவர். கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் நடத்துகிறவர், வயது முப்பத்தெட்டு. ஒரு காசைக் கையில் வாங்கினாலே அசலா போலியா என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் லேசில் வாயைத் திறக்கமாட்டார். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

கோதண்டபாணி அவரிடம் சீடராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. தபால் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். இருந்தாலும் நோட்டும் பேனாவுமாக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். டீச்சர் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்கிறார், சொல்லாததையும் எழுதிக்கொள்கிறார் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

அந்த ஞாயிறு அவர் நோட்டைத் திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மேஜையில் விரித்திருந்த துண்டின் மேல் வைத்தார். சீட்டுக்கட்டு அளவில், நாலு பக்கமும் ஒட்டி மூடிய டப்பா. உள்ளே 1939-ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். அதற்கு மேலே ஒரு சீட்டு. இது அசல், இன்ன தரம், இன்ன எண் என்று தரம் பார்க்கும் கம்பெனி அச்சடித்து வைத்தது.

அந்த வருடத்து ரூபாய் அபூர்வம். அதனால் போலியும் ஏராளம். டப்பாவில் இருந்தால் பயமில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். டப்பாவை உடைத்துவிட்டால் சீட்டுக்கு மரியாதை போய்விடும், ஆகவே உள்ளே இருக்கும் காசை யாரும் நிறுக்கமாட்டார்கள், தட்டிப் பார்க்கமாட்டார்கள். எண்ணைச் சரிபார்ப்பதோடு சரி.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க சார்.”

“இதை ரெண்டு மாசம் முன்னாடி ஆன்லைன்ல வாங்கினேன். கம்பெனி வெப்சைட்ல எண்ணைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன். சரியா இருந்துச்சு. இன்னிக்குக் காலைல காபி குடிச்சிட்டே போனைப் பாக்கறேன், இதே ரூபாய், இதே எண், வேற யாரோ விக்கறாங்க.”

“ஒண்ணா?”

“கையிருப்பு அஞ்சுன்னு போட்டிருக்கு.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“அஞ்சும் போலி, அது தெரியுது டீச்சர். இதோட சீட்டைப் பாத்து அதையெல்லாம் அடிச்சாங்களா, இல்ல இது ஆறாவதா? அது தெரியல. பதினோரு மணிக்கு இன்னாசிமுத்து வந்துடுவாரு.”

அவரை அவசரப்படுத்தியதே அந்தப் பதினோரு மணிதான். இன்னாசிமுத்து படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறார். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களை வருட வாரியாகச் சேர்க்கிறார். இருபது வருடமாக அவர் ஆல்பத்தில் ஓர் இடம் காலி. ஆன்லைனில் வாங்க அவருக்குப் பயம். நான் பார்த்து வாங்கித் தருகிறேன் என்று கோதண்டபாணிதான் வலியப் போய் வாக்குக் கொடுத்திருந்தார்.

“காசு எப்படி இருக்கு சார்?” என்று டீச்சர் கேட்டார்.

“தரம் அறுபத்து மூணு டீச்சர். எண் வந்து…”

“அது சீட்டு. நான் காசைக் கேட்டேன்.”

கோதண்டபாணி டப்பாவைப் பார்த்தார். “ராஜா இடது பக்கம் பாக்கறாரு.”

“எல்லா ஆறாம் ஜார்ஜ் ரூபாயிலயும் அவர் அந்தப் பக்கம்தான் பாக்கறாரு.”

கோதண்டபாணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு மாதமாகத் தினம் பீரோவைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காசில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் வரவில்லை.

“நீங்களே ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க டீச்சர். உங்க வாயால சொன்னா போதும்.”

“நான் சொன்னா?”

“நம்பிடுவேன்.”

“சீட்டையும் அப்படித்தானே சார் நம்பினீங்க?”

டீச்சர் தன் பையிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் ஒரு சின்னத் தராசு, ஒரு லென்ஸ். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, யாரோ கொண்டுவந்திருந்த செப்புக் காசுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோதண்டபாணி பிளேயரைத் தொடவில்லை.

“உடைச்சு, அசலா இருந்துட்டா டீச்சர்?”

“டப்பா போயிடும்.”

“போலியா இருந்தா?”

“காசு போயிடும்.”

“உடைக்காம விட்டுட்டா?”

“பதினோரு மணிக்கு இன்னாசிமுத்து வருவாரு.”

அவர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஆல்பத்தை மேஜையில் விரித்து, காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். டப்பாவை எடுத்துச் சீட்டைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இன்னாசி, அதுல ஒரு விஷயம்…” என்று கோதண்டபாணி இழுத்தார்.

“நீங்க பாத்துட்டீங்கல்ல சார், அப்புறம் என்ன? உங்களைவிடவா எனக்குத் தெரியப்போகுது?”

அவரும் காசைப் பார்க்கவில்லை.

கோதண்டபாணி முப்பத்தாறு வருடம் தபால் துறையில் இருந்தவர். ஒட்டிய உறையைப் பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்பதுதான் நேர்மை என்று வாழ்ந்தவர். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் கவலை இல்லை. அந்தப் பழக்கம் இப்போதும் அவர் கையைப் பிடித்து இழுத்தது. கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இன்னாசிமுத்து சந்தோஷமாகப் போவார்.

அவர் டப்பாவைத் திரும்ப வாங்கி, பிளேயரை எடுத்து, ஓரத்தில் வைத்து அழுத்தினார்.

“சார், என்ன பண்றீங்க!”

பிளாஸ்டிக் இரண்டு இடத்தில் விட்டது. ரூபாய் துண்டின் மேல் விழுந்தது. கோதண்டபாணி அதை ஓரத்தில் பிடித்துத் தராசில் வைத்தார். பதினொன்று புள்ளி ஆறு ஐந்து கிராம், இருக்க வேண்டிய எடைதான். விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு ரூபாயால் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். விளிம்பின் கோடுகளை லென்ஸ் வைத்து ஒரு சுற்று பார்த்தார். எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது போலிக்காரர்களின் வழக்கம் என்பதால் அந்தக் கடைசி எண்ணிலேயே வெகுநேரம் நின்றார். கால் மணி நேரம் ஆயிற்று.

“அசல்” என்றார். டீச்சர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இன்னாசிமுத்து காசைப் பார்த்தார், உடைந்த டப்பாவைப் பார்த்தார்.

“அசல்னு நீங்க சொல்றீங்க சார். ஆனா டப்பா இல்லையே. நாளைக்கு என் பையன் இதை வெளிய எடுத்தா, போலின்னுதானே சொல்லுவாங்க? ஊர் பூரா போலியா கெடக்குது. தப்பா எடுத்துக்காதீங்க.”

ஆல்பத்தை மூடினார்.

“வேற ஒண்ணு டப்பாவோட வந்தா சொல்லுங்க சார்.”

“ஆன்லைன்ல அஞ்சு இருக்கு. வாங்கிடாதீங்க இன்னாசி, அஞ்சும் போலி.”

“டப்பாவோடயா இருக்கு?”

“டப்பாவோடதான். அதனாலதான் வேண்டாங்கறேன்.”

இன்னாசிமுத்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது எந்த மாதிரித் தலையாட்டல் என்று கோதண்டபாணிக்குப் பிடிபடவில்லை. நல்லதைச் செய்துவிட்டு இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

“நல்ல காசை அனாதையாக்கிட்டேன் டீச்சர். மறுபடியும் கம்பெனிக்கு அனுப்பி டப்பா போட்டுடவா?”

“போட்டுக்கலாம். புது எண் குடுப்பாங்க.”

“அதையும் காப்பி அடிப்பாங்களே.”

“அடிப்பாங்க.”

“அப்ப இந்த மூணு வருஷம் நான் சேத்து வச்சதுக்கெல்லாம் என்னதான் அர்த்தம்?”

டீச்சர் செப்புக் காசுகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

“உங்ககிட்ட மொத்தம் எத்தனை காசு இருக்கு சார்?”

“இதோட சேத்து நாப்பத்தொண்ணு டீச்சர். மத்ததெல்லாம் டப்பால பத்திரமா இருக்கு.”

“ஒண்ணுதான் சார் இருக்கு” என்றார் டீச்சர்.