உங்க வீட்டு ஃபேனுக்கு எத்தனை றெக்கை?

மலையடிவாரத்துல ஒரு மடம். மடம்னதும் கோபுரம், யானைன்னு கற்பனை பண்ணிக்க வேண்டாம். ரெண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு அடுப்படி, ஒரு தண்ணித் தொட்டி, அவ்வளவுதான். குரு பேரு நாச்சியம்மா. வயசு நாப்பது. தேவைக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

அவங்க பேசாம விட்டதையெல்லாம் சேத்துப் பேசுறதுக்குன்னே வந்து வாய்ச்ச சீடர் திருமேனி. வயசு அறுபது. முப்பது வருஷம் சந்தையில மைக் புடிச்சு வேட்டி துண்டு வித்தவரு. குருவைவிட இருபது வயசு மூத்த சீடர். "ஞானம் கெளம்பி ரொம்ப நாளாச்சு, வழியில வண்டி ரிப்பேரு"ன்னு அவரே சொல்லிக்குவாரு.

வாசல்ல நின்னு வர்றவங்களை வரவேக்குறது அவரு வேலை. "வாங்க வாங்க, சாப்டாச்சா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" ஒருத்தரை விட மாட்டாரு. ஆட்டுக்குட்டி உள்ள நுழைஞ்சாலும் சாப்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் வெரட்டுவாரு.

ஞாயித்துக்கெழமையானா செவ்வந்தின்னு ஒரு பொண்ணு வரும். தையல் கம்பெனியில வேலை. கூட அது தம்பி மாசிலாமணி, இருபத்தொம்பது வயசு. மொத நாளே சொல்லிருச்சு.

"அவனுக்கு ஆட்டிசம்ங்கய்யா. தொட்டுப் பேசாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேப்பான். பதிலைச் சொல்லிட்டா உள்ள வந்துருவான். வீட்டை விட்டு எங்கயும் வராதவன், இங்க வர மட்டும்தான் ஒத்துக்கிட்டான்."

மாசிலாமணி வாசல்ல வந்து நிப்பான். திருமேனி மொகத்தைப் பாக்க மாட்டான். தோள்ல கெடக்குற துண்டைப் பாத்துக் கேப்பான்.

"உங்க வீட்டு ஃபேனுக்கு எத்தனை றெக்கை?"

"மூணு."

"மூணு"ன்னு தலையாட்டிட்டு உள்ள போயி, தண்ணித் தொட்டிகிட்ட ஒக்காந்துக்குவான். எல்லாரும் தியானம்னு கண்ணை மூடிக் கொட்டாவி விடுவாங்க. அவன் மட்டும் கொழாயில தண்ணி சொட்டுறதை வெச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டிருப்பான். அக்கா தூணுல சாஞ்சு ஒரு மணி நேரம் நிம்மதியாத் தூங்கும்.

ஏழு மாசம் இப்படியே போச்சு.

ஒரு ஞாயிறு டவுன்லருந்து ஒரு வேன் நெறைய ஆளு வந்து எறங்குச்சு. கூட்டத்தைப் பாத்ததும் திருமேனிக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த சந்தை முழிச்சுக்கிச்சு. மாசிலாமணி எப்பவும் போல வாசல்ல வந்து நின்னான்.

"உங்க வீட்டு ஃபேனுக்கு எத்தனை றெக்கை?"

"ரெண்டுப்பா. ஒண்ணு பறந்து போயிருச்சு!"

வேன் கூட்டம் சிரிச்சுது. மாசிலாமணி மறுபடி கேட்டான்.

"அதான் சொன்னேனே, ரெண்டு. இன்னொண்ணு குஞ்சு பொரிக்கப் போயிருக்கு."

இன்னும் பெரிய சிரிப்பு. மூணாவது தடவை கேக்கறப்ப அவன் கொரலு ஒடைஞ்சிருந்துச்சு. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, வாசல்லயே குந்தி, முன்னும் பின்னுமா ஆட ஆரம்பிச்சான்.

திருமேனி பதறிட்டாரு. "மூணுதான்ப்பா, மூணுதான், சும்மா சொன்னேன்"னு தோளைத் தொட்டாரு. தொடக் கூடாதுன்னு சொன்னது அந்த நேரத்துல நெனப்புல இல்ல. அவன் போட்ட சத்தத்துல வேன்காரங்க சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

செவ்வந்தி ஓடி வந்துச்சு. அவன் அடங்குற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்திருந்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு.

அடுத்த ஞாயிறு அவங்க வரல. அதுக்கடுத்த ஞாயிறும் வரல. மூணாவது வாரம் அக்கா மட்டும் வந்துச்சு. கண்ணுக்குக் கீழ கருவளையம்.

"வாசப்படிய விட்டு எறங்க மாட்டேங்கிறான்யா. ஃபேனை நிறுத்துறான், எண்ணுறான், போடுறான், மறுபடி நிறுத்துறான். என்னால வேலைக்கும் போக முடியல."

திருமேனி நேரா குருகிட்ட போனாரு.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன். ஆனா ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"தெரிஞ்ச பதிலை எதுக்கு வாரா வாரம் கேக்கணும்? அந்தப் பழக்கத்தை மட்டும் விட வெச்சுட்டா, நம்மளை மாதிரி அவனும் சகஜமா வந்து போவான்ல? அதுக்கொரு வழி சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன். போயி சாப்பிடுங்க."

மறுநாள் காலையில திருமேனி அடுப்படிக்குப் போனாரு. சமையக்காரன் சங்கிலி அடுப்பு ஊதிக்கிட்டிருந்தான்.

"என்ன சங்கிலி, நல்லாத் தூங்குனியா?"

"நேத்தே கேட்டீங்க. நேத்தே சொல்லிட்டேன்."

என்னடா இவன்னு வாசலுக்கு வந்தாரு. பால்கார ராக்கம்மா வந்துச்சு.

"வா தாயி, சாப்டாச்சா?"

"தெனமும் சாப்டுறேன்னு தெனமும்தான் சொல்றேன். திரும்ப எதுக்குக் கேக்கறீங்க?"

தோட்டத்துல தண்ணி பாய்ச்சுற வீரணன்கிட்ட போயி, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"ன்னாரு.

"போன மாசம் இருந்த அதே ஆளுகதான். பட்டியல் போட்டுத் தரவா?"

உச்சி வெயிலுக்குள்ள மனுஷன் பாதியா வத்திட்டாரு. ஆட்டுக்குட்டிகிட்ட கேக்கவே பயமாயிருச்சு. நாச்சியம்மா அந்தப் பக்கமா வந்தாங்க.

"அம்மா... சாப்டீங்களா?"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்கண்ணே?"

திருமேனிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா. சாப்டதைத் தெரிஞ்சுக்கவா கேக்கறேன்? ஒரு ஆளைப் பாத்தாக் கேக்கணும்மா. நான் கேட்டு, அவங்க ஒரு பதில் சொன்னாத்தானே நானும் இங்க இருக்கேன்னு எனக்கே..."

பாதியில நிறுத்திட்டாரு. கரண்ட் போயி மைக் செத்தாலும் நிக்காத வாயி அது.

நாச்சியம்மா அவரு பக்கத்துல வந்து நின்னாங்க.

"சாப்ட்டேண்ணே. நீங்க?"

"இல்லம்மா. நான் அந்தப் பையன் வீடு வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

"போயிட்டு வாங்க. பேச்சை மட்டும் இங்க வெச்சுட்டுப் போங்க."

திருமேனி மொதல்ல தன் வீட்டுக்குப் போனாரு. ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபேனைக் கழட்டுனாரு. சம்சாரம் கரண்டியோட ஓடி வந்தாங்க.

"எல்லா மடத்துலயும் ஆசையத் துறக்கச் சொல்லுவாங்க. உங்க மடத்துல மட்டும் ஃபேனைத் துறக்கச் சொல்றாங்களா? அதுவும் இந்த வெயில்ல?"

துண்டைச் சுருட்டித் தலையில வெச்சு, அதுமேல ஃபேனை வெச்சு, மூணு றெக்கையும் விரிஞ்சிருக்க ரெண்டு தெரு நடந்தாரு. டீக்கடையில இருந்து ஒருத்தன் கத்துனான்.

"அண்ணே, ஹெலிகாப்டர் எப்பக் கெளம்புது? எனக்கொரு சீட்டு போடுங்க!"

வேற நாளா இருந்தா ஒண்ணுக்கு ஒம்போது திருப்பிக் குடுத்திருப்பாரு. அன்னைக்கு வாயே தொறக்கல.

மாசிலாமணி வீட்டு முன்னால ஃபேனை எறக்கித் தரையில வெச்சாரு. நாலடி தள்ளி ஒக்காந்தாரு. கூப்பிடல. கொரல் குடுக்கல. செவ்வந்தி எட்டிப் பாத்துட்டு, புரிஞ்சதோ புரியலையோ, ஒரு சொம்புத் தண்ணி மட்டும் வெச்சுட்டுப் போச்சு.

வெயில் எறங்குனப்ப கதவுக்குப் பின்னால ஒரு கண்ணு தெரிஞ்சுது. அப்புறம் படியில ஒரு காலு. அப்புறம் இன்னொரு காலு. மாசிலாமணி எறங்கி வந்து குனிஞ்சான். ஒவ்வொரு றெக்கையா வெரலை வெச்சுத் தொட்டான். மறுபடியும் மொதல்லருந்து தொட்டான். அடியில குனிஞ்சும் பாத்தான். ஒரு வார்த்தை சொல்லாம உள்ள போயிட்டான்.

திருமேனியும் ஒரு வார்த்தை சொல்லல. ஃபேனைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டுத் திரும்பிட்டாரு.

ஞாயிறு வந்துச்சு. திருமேனிக்கு வாசல்ல நிக்க மொகம் இல்ல. "என்னைப் பாத்தா பையன் மெரண்டாலும் மெரளுவான்"னு சங்கிலியை அங்க நிக்க வெச்சுட்டு, அடுப்படியில வெங்காயம் உரிக்கப் போயிட்டாரு.

மாசிலாமணி வந்துட்டான்! வாசல்ல நின்னான். ஆனா கேள்வியக் கேக்கல.

"மூணுப்பா, மூணேதான். உள்ள வா"ன்னான் சங்கிலி.

மாசிலாமணி அசையல. பின்னால ஆளு சேந்து வரிசை நீண்டுச்சு. செவ்வந்தி கையப் பெசைஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

"வெயிலு மண்டையப் பொளக்குது. அந்தத் தம்பிய ஓரமா நிக்கச் சொல்லுங்கப்பா"ன்னாரு வரிசையில ஒருத்தரு.

நாச்சியம்மா வந்து பாத்தாங்க. வரிசையில செவ்வந்திக்குப் பின்னால போயி, மண்ணுல சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாங்க. குருவே ஒக்காந்தப்புறம் மத்தவங்க நிக்க முடியுமா? முணுமுணுத்துக்கிட்டே வரிசை மொத்தமும் ஒக்காந்துச்சு. சங்கிலி அடுப்படிக்கு ஓடுனான்.

திருமேனி வந்தாரு. கையெல்லாம் வெங்காயத் தோலு. கண்ணுல தண்ணி. வெங்காயத்து மேல பழியப் போட வசதியா இருந்துச்சு.

மாசிலாமணி அவரு துண்டைப் பாத்தான்.

"உங்க வீட்டு ஃபேனுக்கு எத்தனை றெக்கை?"

"மூணு."

"மூணு."

தலையாட்டிட்டு உள்ள போயி, தண்ணித் தொட்டிகிட்ட ஒக்காந்தான். செவ்வந்தி தூணைத் தேடிப் போச்சு. வரிசை எந்திரிச்சு உள்ள வந்துச்சு.

கடைசியா நாச்சியம்மா எந்திரிச்சாங்க. திருமேனி பக்கத்துல போயி மெதுவாக் கேட்டாரு.

"எனக்கு இன்னும் ஒண்ணு புரியலம்மா. என் வீட்டு ஃபேனை அவனே தொட்டு எண்ணிப் பாத்துட்டான். சங்கிலியும் மூணுன்னுதான் சொன்னான். அப்புறமும் நான் வர்ற வரைக்கும் எதுக்கு நின்னான்?"

நாச்சியம்மா சேலையில ஒட்டுன மண்ணைத் தட்டி விட்டாங்க.

"பதில் மட்டும் போதும்னா, அவன் வீட்டுலயே ஃபேன் இருக்கேண்ணே."