வௌவால் வரைந்த மருதமரம்

ஆற்றங்கரை மருதமரத்துப் பொந்தில் வெடுக்கி என்றோர் அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். பேருக்கேற்ற வாய்! மூக்குக்கு மேலே கோபம். ஆனால் மனசு தங்கம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

புயலில் மரத்தை இழந்த வௌவால் கூட்டம் ஒன்று மலைக்கு அப்பாலிருந்து வந்து சேர்ந்தது. "இங்கே இடம் கிடைக்குமா, அக்கா?" என்று கேட்டாள் அவர்களில் மூத்தவளான முக்காடி.

"மரம் என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா? தொங்குங்கள், போங்கள்!" என்றாள் வெடுக்கி.

அடைமழை நாட்களில் முக்காடி தன் சிறகை விரித்துப் பொந்தின் வாயை மூடிக்கொள்வாள். உள்ளே குட்டிகள் நனையாமல் தூங்கும். வெடுக்கியும் முக்காடியும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

குட்டிகள் முதன்முதலாகப் பொந்தைவிட்டு வெளியே வரும் நாளும் வந்தது. அப்படிப்பட்ட நாளில் மரத்தில் படம் வரைந்து வாழ்த்துவது வௌவால்களின் வழக்கம். முக்காடி நாவல்பழச் சாற்றில் நகத்தைத் தோய்த்து, வெளுத்த மருதப் பட்டையில் ஆசை ஆசையாக வரைந்து வைத்தாள்.

விடிந்ததும் வெடுக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ! இதென்ன கூத்து! மரத்துக்கு வேர் ஆகாசத்திலா இருக்கும்? நடுவிலே ஒரு எலி வேறு காலைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடக்கிறது! நல்ல நாளும் அதுவுமாக இதையா வரைவாய்?"

"அழகாக இல்லையா, அக்கா?"

"அழகா? அவலட்சணம்! எங்களுக்கெல்லாம் படம் என்றால் மரம் மரமாக நிற்க வேண்டும்!"

சொன்னதோடு விட்டாளா? வாலைத் தண்ணீரில் நனைத்து, முதல் வேலையாக அந்த எலியை அழித்தாள்.

முக்காடி சண்டை போடவில்லை. "சாயங்காலம் நாங்கள் வேறு மரம் பார்த்துக்கொள்கிறோம், அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிறகால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெடுக்கிக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் கோபம் விடவில்லை. வேரை அழிக்க மேலே ஏறினாள். ஈரப்பட்டை வழுக்கியது! பின்னங்கால் நகம் மட்டும் ஒரு கணுவில் மாட்டிக்கொள்ள, தலைகீழாகத் தொங்கினாள். முகத்துக்கு நேரே படம்.

அட! வேர் மண்ணில் இருந்தது. கிளைகள் மேலே விரிந்திருந்தன. அது அவளுடைய மருதமரமேதான்! பொந்திலிருந்து இரண்டு குட்டிகள் மூக்கை நீட்டி யாரையோ ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவை பார்த்த இடத்தில் யாரும் இல்லை. ஈரக் கறைதான் இருந்தது.

"ஐயோ, பாவி நான்! என் பிள்ளைகளின் அம்மாவை நானே அழித்துவிட்டேனே!" என்று தொங்கியபடியே அழுதாள் வெடுக்கி. "முக்காடி, நீ போகாதேடி! உன்னைப் போலத் தொங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே!"

சிறகு மெல்ல விலகியது. "மறுபடி வரைந்துவிடலாம், அக்கா. செத்த எலிதானே, ரொம்ப நேரம் ஆகாது!" என்று சிரித்தாள் முக்காடி.

இந்தமுறை அணிலின் வாயைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தாள். வெடுக்கியும் குட்டிகளும் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கி அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

பிறர் கலையைப் பழிப்பதற்கு முன், அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும்.