ஒரு குடம் வைத்தால் எல்லாக் குடமும்

தென்னாறு நாட்டில் மண்குடத்துக்கு இருந்த மரியாதை மன்னரின் மகுடத்துக்குக்கூடக் கிடையாது. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கவும் குடம்தான், தலைநகரில் கூடும் நாட்டுச்சபைக்கு ஆள் எடுக்கவும் குடம்தான். வேண்டியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். யார் பெயரில் ஓலை அதிகமோ அவருக்குப் பதவி. நாட்டுச்சபையில் அதிகம் பேரைத் தன் பக்கம் வைத்திருப்பவர்தான் முதலமைச்சர். அப்போது அந்த ஆசனத்தில் இருந்தவர் அனந்தராயர். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் மன்னர் கடம்பவேந்தரிடம் அழாக்குறையாக முறையிட்டார்.

“மன்னா, என்னால் முடியவில்லை! இந்த மாதம் ஓர் ஊரில் குடம், அடுத்த மாதம் வேறோர் ஊரில் குடம். நம் ஆள் ஜெயிக்க வேண்டுமென்று நானும் ஊர் ஊராக ஓடுகிறேன். போன இடத்திலெல்லாம் பாதை போட வேண்டியிருக்கிறது, ஏரி தூர்வார வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் நாட்டு வேலையை எப்போது பார்ப்பது?”

அவையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மருதங்கூத்தனுக்கு இருமல் வந்துவிட்டது. மன்னருக்கு யோசனை சொல்வதும் அவ்வப்போது சிரிப்பு மூட்டுவதும் அவன் வேலை. பாதையும் ஏரியும் நாட்டு வேலை இல்லையென்றால் வேறு எதுதான் நாட்டு வேலை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான்.

“அதற்கு என்ன செய்யலாம் என்கிறீர்?” என்றார் மன்னர்.

“ஐந்து ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்! ஊர்க்குடம், நாட்டுக்குடம் எல்லாம் அன்றைக்கே வைத்துவிடுவோம். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். நாட்டுக்குடம் வைத்து ஓராண்டு ஆகிவிட்டது, அதனால் எல்லாவற்றுக்குமான அடுத்த பொதுநாள் இன்னும் நான்கு ஆண்டு கழித்து. அதுவரை இப்போதுள்ள சபைகளே நீடிக்கட்டும்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மன்னர் தலையசைத்தார். ஆணையை அமைச்சரே தம் கையால் எழுதினார். “எந்தக் குடமும் தனியாக வைக்கலாகாது. ஒரு குடம் வைத்தால் எல்லாக் குடமும் வைக்க வேண்டும்.” எழுதியதைத் தாமே மூன்று முறை வாசித்து மெய்ம்மறந்தார். மன்னரின் முத்திரையும் விழுந்தது.

ஐந்தாம் நாள் மருதங்கூத்தன் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். செங்கரை என்ற நாற்பது வீட்டு ஊரின் சபைத் தலைவி பூவாயி.

“அநியாயத்தைக் கேளுங்கய்யா! எங்க ஏரி மதகு உடைஞ்சு கிடக்கு. அடுத்த மாசம் ஊர்ல குடம்னதும் அமைச்சர் ஆளுங்க பன்னெண்டு வண்டி கல்லு கொண்டாந்து இறக்கினாங்க. பாதி இறக்கையிலே ஒருத்தர் ஓடியாந்து ஆணையைப் படிச்சாரு. ‘குடம் நாலு வருசம் கழிச்சா?’ன்னாங்க. அவ்வளவுதான், இறக்கின கல்லைத் திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க! தண்ணி பூராவும் வீணா ஓடுதுய்யா. இன்னும் இருபது நாள் போனா நாத்தெல்லாம் கருகிடும். அப்புறம் நாங்க எதைத் திங்கிறது?”

மருதங்கூத்தனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இறக்கின கல்லை ஏற்றிக்கொண்டு போகிற மனசு யாருக்கு வரும்? உள்ளே போய் ஆணையின் நகலை எடுத்துவந்து படித்தான். இரண்டாம் முறை படிக்கும்போது முகம் மலர்ந்தது.

“அம்மா, உங்க சபையில எத்தனை பேரு?”

“என்னோட அஞ்சு பேரு.”

“அஞ்சு பேரும் உடம்பு முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டு விலகிடுங்க.”

“ஐயையோ! கல்லைக் கேட்டு வந்தா பதவியையும் விடச் சொல்றீங்களே!”

“விடுங்கம்மா. ஒரு சபை விலகினா முப்பது நாளுக்குள்ள அங்கே குடம் வைக்கணும்னு பழைய சட்டம் இருக்கு. நம்ம அமைச்சர் அதை எடுக்க மறந்துட்டார்.”

மறுநாள் அவையில் மருதங்கூத்தன் செங்கரையின் விலகல் ஓலையை வாசித்தான். அனந்தராயர் சிரித்தார்.

“நாற்பது வீட்டு ஊர்தானே? முப்பது நாளில் அவர்கள் பாட்டுக்குக் குடம் வைத்துக்கொள்ளட்டும்.”

“உத்தரவு. அப்படியே நாட்டிலுள்ள முந்நூறு ஊரிலும் குடங்களைக் கழுவிக் காயவைக்கச் சொல்லிவிடுகிறேன்.”

“முந்நூறு ஊரிலுமா? எதற்கு?”

“ஒரு குடம் வைத்தால் எல்லாக் குடமும் வைக்க வேண்டும். தாங்கள் எழுதியதுதானே?”

“நாட்டுக்குடம்?”

“அதுவும் குடம்தானே, அமைச்சரே! தங்கள் ஆசனத்துக்கும் சேர்த்துத்தான்.”

அமைச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. “மன்னா, அந்த ஆணையை...”

“முத்திரையின் ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் மாற்றினால் என்னை யார் மதிப்பார்கள்?” என்றார் மன்னர்.

அமைச்சர் மருதங்கூத்தன் பக்கத்தில் வந்து குனிந்தார். “அவர்களுக்கு என்னதானப்பா வேண்டும்?”

“மதகு.”

அன்று மாலையே பன்னிரண்டு வண்டியும் செங்கரைக்குப் பறந்தன. முழங்கால் சேற்றில் இறங்கி முதல் கல்லை வைத்தவர் சாட்சாத் அனந்தராயர். மதகு நின்றது, தண்ணீர் நின்றது, நாற்று பிழைத்தது. சபையார் ஐவருக்கும் உடம்பு தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. விலகல் ஓலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் ஊர் ஊராகப் பரவாமல் இருக்குமா? அடுத்த வாரம் நாற்பத்தொரு விலகல் ஓலைகள் வந்து குவிந்தன. ஓர் ஊருக்குப் பாலம் வேண்டும், ஓர் ஊருக்குக் கிணறு வேண்டும். ஓர் ஊர், என்ன வேண்டுமென்று இன்னும் முடிவாகவில்லை, இப்போதைக்கு விலகி வைக்கிறோம் என்று எழுதியிருந்தது. அமைச்சர் வண்டியை விட்டு இறங்கவே நேரமில்லை.

மன்னர் மருதங்கூத்தனைக் கூப்பிட்டார். “பாவம், மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். ஆணையை ரத்து செய்துவிடட்டுமா?”

“வேண்டவே வேண்டாம், மன்னா! முன்பெல்லாம் குடம் வைக்கிற ஊருக்கு மட்டும்தான் அமைச்சர் பயந்தார். இப்போது குடமே வைக்காமல் முந்நூறு ஊருக்கும் பயப்படுகிறார். இவ்வளவு நல்ல ஆணையை யாராவது ரத்து செய்வார்களா?”

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.